மென்பவளப் பதிவுகளின் பெயரைச் சரிபார்ப்பது எப்படி? ரந்தாவிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

நெகிரி செம்பிலானின் ரந்தாவில் கடல் இல்லை. ஊரைச் சுற்றிச் செம்பனை. நடுவில் கடைத்தெரு, கோவில், பள்ளி. போர்ட்டிக்சன் போய்ச் சேர காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்றாலும், இங்குள்ள பலருக்குக் கடல் என்பது ஞாயிற்றுக்கிழமைக் குளியலும் சோற்றுப் பொட்டலமும்தான். இப்படி ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு தியோமான், ரெடாங், செம்போர்னா கடல்களின் மென்பவளங்களுக்குப் பெயர் சரிபார்க்க முடியுமா? தாராளமாக முடியும். இந்த வேலையில் பெரும்பகுதி நாற்காலியில்தான் நடக்கிறது. முக்குளிப்பவர்கள் படம் எடுத்து, ஒரு பெயரையும் சூட்டி, ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் ஏற்றிவிடுகிறார்கள். இரண்டு பேர் ஒப்புக்கொண்டால் அந்தப் பதிவு ஜிபிஃப் என்னும் உலகத் தரவுத்தளத்துக்குப் போய்விடும். அங்கிருந்து ஆய்வுக் கட்டுரைக்கும், தீவுகளின் உயிரினப் பட்டியலுக்கும், சுற்றுச்சூழல் அறிக்கைக்கும் நகலாகும். வழியில் யாரும் நிறுத்திக் கேட்காவிட்டால் தவறான பெயர் நிரந்தரக் குடியுரிமை பெற்றுவிடும்.

நிறுத்திக் கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியர், ஆறாம் படிவ மாணவர், விடுமுறையில் ஸ்நோர்க்கல் போடுபவர் என்று யாராக இருந்தாலும் சரி. கணினி, இணையம், கொஞ்சம் பிடிவாதம் போதும். பின்பகுதியில் ஒரு நுண்ணோக்கி தேவைப்படும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருப்பதே போதுமானது.

படி 1: பெயரை விடுங்கள், சான்றைப் பாருங்கள்

ஒரு பதிவில் நான்கு உறுப்புகள் உண்டு: பெயர், இடம், நாள், சான்று. எல்லோரும் பெயரில் போய் முட்டுகிறார்கள். நான் சான்றிலிருந்துதான் தொடங்குவேன். செம்பனை ஆலை வாசலில் குலைகளைத் தரம் பிரிப்பவர் லாரி ஓட்டுநரின் பேச்சைக் கேட்டு முடிவெடுப்பதில்லை. உதிர்ந்த பழங்கள் எத்தனை என்று பார்க்கிறார். நாமும் அப்படியே. 'இந்தப் பெயர் சரியா?' என்று கேட்பதற்கு முன் 'இந்தப் பெயரை வைக்க எந்த ஆதாரம் இருந்தது?' என்று கேளுங்கள்.

ஜிபிஃபிலும், கடல் உயிரினங்களுக்கான ஓபிஸ் தரவுத்தளத்திலும் ஒவ்வொரு பதிவுக்கும் அதன் அடிப்படை குறிக்கப்பட்டிருக்கும்: பாதுகாக்கப்பட்ட மாதிரி, மனிதர் கண்டது, நூல் குறிப்பு என்று. அருங்காட்சியகத்தில் எண்ணிட்டு வைத்த மாதிரிக்கு மதிப்பு அதிகம். யாராவது சந்தேகப்பட்டால் ஜாடியைத் திறந்து பார்க்கலாம். மலேசியாவில் கோலா நெருஸில் உள்ள திரெங்கானு பல்கலைக்கழகத்தின் தென்சீனக் கடல் காப்பகம் இத்தகைய மாதிரிகளை வைத்திருக்கிறது. நெதர்லாந்தின் லைடன் நகரிலுள்ள நேச்சுரலிஸ் அருங்காட்சியகத்தின் மென்பவளத் தொகுப்பு உலக அளவில் முக்கியமானது. அடுத்த தரம், படத்தோடு கூடிய பதிவு. படமும் இல்லை, மாதிரியும் இல்லை, பட்டியலில் ஒரு பெயர் மட்டும் என்றால் அதைச் சரிபார்க்கவே முடியாது. 'சரிபார்க்க இயலாதது' என்று குறித்துவிட்டு நகருங்கள். அதைத் தவறு என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. சரி என்று சொல்லவும் இல்லை.

ஒரு பொறி இங்கே உண்டு. ரீஃப் செக் என்னும் பவளத்திட்டுக் கணக்கெடுப்பில் 'மென்பவளம்' என்று ஒரு வகை வரும். நூறு மீட்டர் நாடாவை விரித்து, அதில் நான்கு இருபது மீட்டர்த் துண்டுகளில் அரை மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் அடியில் என்ன இருக்கிறது என்று எழுதும் முறை அது. பாறைத்திட்டின் நலத்தை அளக்க அருமையான முறை. ஆனால் அதில் சிற்றினம் கிடையாது. அது மட்டுமா, அந்த முறையில் சோவாந்திட் என்னும் வேறு குழுவையும் மென்பவளக் கணக்கில் சேர்ப்பார்கள். நீலப் பவளத்தையும் குழல் பவளத்தையும், அவை மென்பவளங்களின் உறவினர்கள் என்றாலும், கல் பவளத்தோடு எண்ணுவார்கள். பாறைத்திட்டைக் கட்டுபவை எவை என்பதே அங்கே கேள்வி. ஆகவே அந்தக் கணக்கெடுப்பின் சதவீதத்தை எடுத்து ஒரு சிற்றினப் பெயரோடு யாராவது கோத்திருந்தால், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று உடனே கேளுங்கள்.

படி 2: அது மென்பவளம்தானா?

பாலிப்பின், அதாவது பவளக் கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு சிற்றுயிரின், உணர்கொம்புகளை எண்ணுங்கள். எட்டு இருக்கவேண்டும். ஒவ்வொன்றின் இரு ஓரங்களிலும் இறகின் இழைபோலச் சிறு கிளைகள் இருக்கவேண்டும். இந்த இரண்டும் தெரிந்தால் அது எண்கொம்புப் பவளங்களின் வகுப்பு. மென்பவளம், கடல்விசிறி, கடற்பேனா எல்லாம் அதற்குள் அடக்கம். ஓரக்கிளை இல்லாத விதிவிலக்குகள் மிகச் சில. நம் பவளத்திட்டுப் படங்களில் அவற்றைப் பற்றிக் கவலைப்படவேண்டாம்.

கேட்க எளிது. படத்தில் எண்ணுவதுதான் பாடு. பாலிப் மில்லிமீட்டர்க் கணக்கில் இருக்கும், அலையில் ஆடும், படம் மங்கியிருக்கும். அதனால்தான் கீழ்க்கண்டவை மென்பவளமாக வேடம் போட்டு நுழைகின்றன.

கோனியோபோரா முதல் குற்றவாளி. நீண்ட பாலிப்புகளைப் பகலிலேயே நீட்டி அசைவதால் ஜீனியா என்னும் மென்பவளம் என்று எழுதிவிடுகிறார்கள். அது கல் பவளம். உணர்கொம்பு இருபத்து நான்கு. அதன் சாயலில் இருக்கும் அல்வியோபோராவுக்குப் பன்னிரண்டு. எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மங்கலான படத்தில் காண்பது கடினம். ஓரக்கிளை இருக்கிறதா என்று தேடுவதே நல்லது. அடுத்து சோவாந்திட்டுகள், குறிப்பாகப் பாலித்தோவா. தோல் போன்ற விரிப்பில் வட்டவட்டமான வாய்கள், விளிம்பில் குட்டையான கொம்புகள் வரிசையாக. ஓரக்கிளை இருக்காது. பாலித்தோவா சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. மாணவர்களைக் கடலுக்கு அழைத்துப் போகும் ஆசிரியர்கள் இதை மறக்கவேண்டாம்: தொடக்கூடாது, தேய்க்கக்கூடாது. காளான் பவளங்களும் கடற்சாமந்திகளும் வரும், ஆனால் கொஞ்சம் பழகியதும் அவை ஏமாற்றாது. கடற்பஞ்சும் கடற்பீச்சியும் வந்தால் சிரித்துவிட்டுக் குறியுங்கள். அவற்றில் வெளியே தெரியும் உணர்கொம்பே கிடையாது.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். ஹீலியோபோரா செருலியா, அதாவது நீலப் பவளம், கல்லாகவே இருக்கும். உடைந்தால் உள்ளே நீலம், உயிரோடு மேலே பழுப்பு. டுபிபோரா மியூசிக்காவின் சிவப்புக் குழல்களைக் கடற்கரையில் பொறுக்கியவர்கள் பலர். இரண்டுமே எண்கொம்புப் பவளங்கள். இரண்டும் அழிநிலை உயிரின வணிக உடன்படிக்கையான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. சாதாரண மென்பவளங்கள் அதில் இல்லை. ஆகவே இவ்விரண்டின் பெயர் தவறினால் சட்டப் பக்கத்திலும் குழப்பம் வரும்.

படி 3: பெயர் இன்று செல்லுபடியாகிறதா?

கடல் உயிரினப் பெயர்களுக்கு வோர்ம்ஸ் என்னும் உலகப் பதிவேடு உண்டு. பதிவில் உள்ள பெயரை ரோமன் எழுத்தில் அப்படியே தட்டச்சு செய்யுங்கள். ஏற்கப்பட்ட பெயரா, பழைய பெயரா, பழையதென்றால் இப்போது எந்தப் பெயருக்குள் போயிருக்கிறது என்று சொல்லும். எழுத்துப்பிழை இருந்தால் தோராயத் தேடலைப் பயன்படுத்துங்கள், ஆனால் கிடைத்த முதல் விடையைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். ஒரே எழுத்து வேறுபாட்டில் வேறோர் உயிரினத்துக்கே போய்விடலாம்.

மென்பவளத்தில் இந்தப் படியைத் தாண்டவே முடியாது. காரணம் 2022. அந்த ஆண்டு கேத்தரின் மெக்ஃபேடன், லீன் வான் ஓஃப்வேகன், ஆண்ட்ரியா குவாட்ரினி ஆகிய மூவரும் மரபணு ஆதாரத்தின்மீது எண்கொம்புப் பவளங்களின் வகைப்பாட்டையே மாற்றி எழுதினார்கள். நூல்களிலெல்லாம் இருந்த அல்சியோனேசியா என்ற வரிசை போய்விட்டது. இப்போது இருப்பவை மலக்கால்சியோனேசியா, ஸ்கிளிரால்சியோனேசியா என்னும் இரண்டு வரிசைகள். பழைய அல்சியோனிடே குடும்பத்தில் ஒன்றாக இருந்த சார்கோஃபைட்டான், லோபோஃபைட்டம், சைனுலேரியா, கிளாடியெல்லா எல்லாம் தனித்தனிக் குடும்பங்களுக்குப் பிரிந்தன. முதல் இரண்டு மட்டும் சேர்ந்தே ஒரு குடும்பத்தில் இருக்கின்றன. சைனுலேரியாவிலிருந்து பெரும்பாலான சிற்றினங்கள், மறுபடி உயிர்ப்பிக்கப்பட்ட ஸ்கிளிரோஃபைட்டம் என்ற பேரினத்துக்குப் போயின. அதற்கு முன்பே, 2016 இல், நெஃப்தியா என்ற பேரினம் லிட்டோஃபைட்டனுக்குள் அடங்கிவிட்டது.

இதன் நடைமுறை விளைவு என்ன? 2015 இல் எழுதிய பட்டியலில் 'சைனுலேரியா ஃபிளெக்சிபிலிஸ்' என்று இருக்கும். புதிய பதிவில் 'ஸ்கிளிரோஃபைட்டம் ஃபிளெக்சிபிலே' என்று இருக்கும். இரண்டும் ஒன்றே. இதைப் பார்த்து 'அடையாளம் தவறு' என்று எழுதுவது நியாயமில்லை. பெயர் மாறுவது வேறு, ஆள் மாறுவது வேறு. பதிவாளர் எழுதிய பெயரை அழிக்காதீர்கள். 'எழுதப்பட்ட பெயர்', 'இன்று ஏற்கப்பட்ட பெயர்' என இரண்டு பத்திகள் வையுங்கள். ஜிபிஃபும் மூலப் பெயரையும் தான் புரிந்துகொண்ட பெயரையும் தனித்தனியாகவே காட்டுகிறது. சிற்றினப் பெயர் அதன் பட்டியலோடு பொருந்தாதபோது அது பேரினத்துக்கோ குடும்பத்துக்கோ இறக்கிவிட்டுக் கொடியும் காட்டும். அந்தக் கொடிகளைப் படியுங்கள். பலர் படிப்பதே இல்லை.

படி 4: இடமும் நாளும்

இங்கேதான் உள்ளூர்க்காரருக்கு வெளிநாட்டு நிபுணரைவிட மேல்கை. லைடனில் இருப்பவருக்கு மென்பவளத்தின் சதைக்குள் இருக்கும் முள் தெரியும். புலாவ் பெசார் இரண்டு இருப்பது தெரியாமல் போகலாம்.

ஆம், இரண்டு. ஒன்று மலாக்காவுக்கு எதிரே, மற்றது மெர்சிங்குக்கு எதிரே ஜொகூரில். ஒன்று மலாக்கா நீரிணை, மற்றது தென்சீனக் கடல். ராவா என்ற பெயரிலும் ஜொகூரில் ஒரு தீவு, திரெங்கானுவில் பெர்ஹெந்தியான் பக்கம் ஒரு தீவு. 'புலாவ் பெசார், மலேசியா' என்று மட்டும் எழுதிய பதிவில் வரைபடப் புள்ளி எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பார்த்து, அதே நபர் அதே நாளில் ஏற்றிய மற்றப் படங்களோடு ஒப்பிடுங்கள். மெர்சிங் படகுத்துறையில் எடுத்த ஒரு கடற்பறவைப் படம் போதும், விஷயம் தீர்ந்துவிடும்.

நம் பக்கத்துத் தஞ்சோங் துவான் இன்னொரு வேடிக்கை. போர்ட்டிக்சனைத் தாண்டித்தான் போகிறோம், சுற்றிலும் நெகிரி செம்பிலான், ஆனால் நிலம் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். பழைய நூல்களில் கேப் ரச்சாடோ. ஒரே பாறைத்திட்டு வெவ்வேறு பெயரில், இரண்டு மாநிலத்தில் பதிவாகியிருந்தால் வியப்பில்லை. பழைய அருங்காட்சியகச் சீட்டுகளில் ஜெசல்டன் என்று இருந்தால் அது இன்றைய கோத்தா கினபாலு. போர்ட் சுவெட்டன்ஹாம் என்றால் கிள்ளான் துறைமுகம். 'சிங்கப்பூர்' என்று மட்டும் இருக்கும் பழைய சீட்டில் கூடுதல் எச்சரிக்கை தேவை. மாதிரி கப்பல் ஏறிய துறைமுகத்தை எழுதினார்களா, எடுத்த இடத்தை எழுதினார்களா என்பது அந்தச் சீட்டை வைத்து மட்டும் தெரியாது.

அடுத்து எண்கள். தீபகற்பத்தின் கடல்கள் ஏறத்தாழ வடக்கு 1 முதல் 7 பாகைக்குள், கிழக்கு 99 முதல் 105 பாகைக்குள் அடங்கும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறினால் நமக்கு உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் 101 என்ற அட்சரேகை உலகத்திலேயே கிடையாது. ஒளிந்துகொள்ளும் தவறு வேறு: பாகை, கலை (ஒரு பாகைக்கு அறுபது கலை) என்று எழுதியதைப் பதின்மமாகப் படிப்பது. 2 பாகை 31 கலை என்பது 2.517. அதை 2.31 என்று ஏற்றினால் புள்ளி ஏறத்தாழ 23 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். போர்ட்டிக்சன் பவளம் நடு நீரிணையில் கப்பல் தடத்தில் முளைத்திருக்கும்.

புள்ளி நிலத்தில் விழுந்தால்? சிரம்பானில் ஒரு சார்கோஃபைட்டான் என்றால் பெரும்பாலும் அது மீன் தொட்டி. வளர்ப்புக் கடையில் எடுத்த படத்தை 'வளர்க்கப்பட்டது' என்று குறிக்கவேண்டும். இல்லாவிட்டால் எந்த நாட்டிலிருந்து வந்தது என்றே தெரியாத பவளம் நம் கடல் கணக்கில் சேரும். சில சமயம் புள்ளி விடுதியிலோ வீட்டிலோ இருக்கும், கைத்தொலைபேசி அங்கேதான் இணையம் பிடித்தது. கேட்டால் பதிவாளர் திருத்திவிடுவார். ஒரு விதிவிலக்கு: அருகிவரும் இனங்களின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் வேண்டுமென்றே 0.2 பாகைக் கட்டத்துக்குள் சிதறடிக்கிறது. அது பிழையன்று.

நாளுக்கு வருவோம். கிழக்குக் கரைத் தீவுகள் நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்றில் ஏறக்குறைய மூடிக்கிடக்கும். டிசம்பர் நடுவில் ரெடாங்கில் தெளிந்த நீரில் படம் என்றால், அது நடக்காது என்று சொல்லமாட்டேன், ஆனால் படம் எடுத்த நாளா, ஏற்றிய நாளா என்று கேட்பேன். 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. அந்த ஏப்ரலில் சுற்றுலாப் பயணி ஒருவர் தியோமானில் முக்குளித்ததாகப் பதிவு இருந்தாலும் அதே கேள்விதான். ஜனவரி 1 என்ற தேதி எப்போதும் சந்தேகத்துக்குரியது. கேமராவின் கடிகாரத்தை யாரும் திருப்பி வைக்காமல் இருந்திருக்கலாம்.

படி 5: படம் எந்த மட்டம் வரை பேசுகிறது?

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான்: மென்பவளப் படம் பெரும்பாலும் பேரினம் வரைதான் பேசும். அதற்கு மேல் பேசுவதுபோலத் தெரிந்தால் பேசுவது நம் ஆசை. சிற்றினப் பெயரைப் பேரினத்துக்கு இறக்கும்போது பதிவு கெட்டுவிட்டதாகப் பலர் வருந்துகிறார்கள். உண்மையில் அப்போதுதான் அந்தப் பதிவு பயன்படத் தொடங்குகிறது.

முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிவிடும். விளக்கில்லாமல் எடுத்த படம் எல்லாம் நீலச் சாம்பல். வெதுவெதுப்பான ஆண்டுகளில் வெளிறிய மென்பவளம் வேறு இனம்போலத் தெரியும். 2010 இல் வெளிறல் கடுமையாகி, மலேசியாவில் சில முக்குளிப்புத் தளங்களையே மூடினார்கள். அந்த ஆண்டுப் படங்களில் 'வெள்ளை' என்பது அடையாளமே ஆகாது.

வடிவத்துக்கு வாருங்கள். காளான்போல ஒரு தண்டு, அதன்மேல் மடிந்த தட்டு, தண்டில் பாலிப் இல்லை என்றால் சார்கோஃபைட்டான். தட்டின் மேற்பரப்பை நெருங்கிப் பார்த்தால் நீண்ட பாலிப்புகளுக்கு இடையே சின்னஞ்சிறு புள்ளிகள் தெரியும். அவை நீர் ஏற்றும் இரண்டாம் வகைப் பாலிப்புகள். லோபோஃபைட்டத்திலும் இதே இருவகைப் பாலிப்புகள் உண்டு, ஆனால் மேற்பரப்பு விரல்களாகவோ வரப்புகளாகவோ எழுந்திருக்கும். இளம் லோபோஃபைட்டம் சார்கோஃபைட்டானைப் போலவே இருக்கும் என்பதால் சிறிய தட்டுகளுக்கு இரண்டில் ஒன்றை அடித்துச் சொல்லாதீர்கள். சைனுலேரியாவும் ஸ்கிளிரோஃபைட்டமும் விரலும் மடலுமாக வளரும், தோல் தடிப்பு, பாலிப் ஒரே வகை. இடையில் புள்ளி இருக்காது. கிளாடியெல்லாவில் வெளிறிய உடல்மேல் பழுப்புப் பாலிப்புகள். தொட்டால் பாலிப் உள்ளே போய் முழுவதும் வெண்மையாகிவிடும். ஜீனியாவின் பாலிப் உள்ளிழுக்காது. அந்தக் குழுவில் சில இடைவிடாமல் கையை மூடித் திறக்கும், காணொளி இருந்தால் கண்டுபிடிப்பது எளிது. டென்ட்ரோநெஃப்தியா செக்கச்செவேலென்றும் மஞ்சளாகவும் இருக்கும், பாலிப் கொத்துகளுக்கு அடியில் முட்கள் குத்திக்கொண்டு நிற்கும். ஒளிச்சேர்க்கைப் பாசி அதனுள் இல்லை. நீரோட்டம் கொண்டுவரும் உணவை நம்பி வாழ்வது. அதே நிறத்தில் முள் துருத்தாமல் வழவழப்பாக இருந்தால் ஸ்கிளிரோநெஃப்தியாவை நினையுங்கள்.

டென்ட்ரோநெஃப்தியாவில் இருநூறுக்கும் மேற்பட்ட சிற்றினப் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு முக்குளிப்புப் படத்தை வைத்து அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவரை நான் நம்பமாட்டேன், அவர் யாராக இருந்தாலும். சார்கோஃபைட்டான் கிளாக்கம் என்பதும் அப்படித்தான். காளான் வடிவம் கண்டால் உடனே கைக்கு வரும் பெயர் அது. மரபணு ஆய்வு அந்த ஒரே பெயருக்குள் பல தனி வம்சங்கள் இருப்பதைக் காட்டிவிட்டது. நிபுணரே மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கும் இடத்தில் தளத்தின் தானியங்கிப் பரிந்துரை தயங்குவதில்லை. அது கற்றது முன்னே பிறர் வைத்த பெயர்களிலிருந்து. அந்தப் பெயர்களில் எத்தனையோ, அதே பரிந்துரையைச் சொடுக்கி வந்தவை.

நல்ல பதிவுக்கு என்ன படம் வேண்டும் என்று முக்குளிக்கப் போகும் நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: முழுப் பவளக் கூட்டமும் அளவுகோலோடு, பாலிப் விரிந்த நிலையில் நெருக்கமாக, அடித்தண்டு பக்கவாட்டில், முடிந்தால் பாலிப் சுருங்கிய நிலையிலும் ஒன்று. அடித்தண்டை யாரும் எடுப்பதில்லை. அழகாக இருக்காது, அதனால்.

படி 6: குளோராக்ஸும் நுண்ணோக்கியும்

மென்பவளத்தின் சதைக்குள் ஸ்கிளிரைட் என்னும் சுண்ணாம்பு முட்கள் இருக்கின்றன. சிற்றினம் வரை போக வேண்டுமானால் இவற்றைப் பார்த்தே ஆகவேண்டும். மென்பவள வகைப்பாட்டாளர் யாக்கோப் வெர்செவெல்ட் 1980 களின் தொடக்கத்தில் சைனுலேரியா, சார்கோஃபைட்டான், லோபோஃபைட்டம் ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக மறுஆய்வு செய்தபோது அவர் நம்பியதும் இந்த முட்களின் வரைபடங்களைத்தான்.

முதலில் சட்டம். தீபகற்பத்தின் கடல் பூங்காக்களில் பவளத்தை எடுப்பது 1985 ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் தடை. மீன்வளத் துறையின் அனுமதியில்லாமல் நகத்தளவுகூட வெட்டக்கூடாது. சபாவின் பூங்காக்களுக்குச் சபா பூங்கா நிர்வாகம். பூங்காவுக்கு வெளியே என்றாலும் கேட்டுவிட்டே எடுங்கள். ஆய்வுக்கு உயிரியல் வளத்தை எடுப்பது பற்றி 2017 இல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. பள்ளிக்கு எளிய வழி, அனுமதி பெற்ற பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து அவர்கள் வைத்திருக்கும் மாதிரியிலிருந்து சிறு துண்டு கேட்பது. போர்ட்டிக்சனிலேயே தெலுக் கெமாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கடல் நிலையம் இருக்கிறது.

துண்டு எழுபது சதவீத எத்தனாலில் இருக்கவேண்டும். மரபணுவுக்கும் வேண்டுமென்றால் தொண்ணூற்றைந்து. ஃபார்மலின் வேண்டாம், அது அமிலமாகி முட்களைக் கரைத்துவிடும். மடலின் மேற்பரப்பு, மடலின் உட்பகுதி, தண்டின் மேற்பரப்பு, தண்டின் உட்பகுதி, பாலிப் என ஐந்து இடங்களிலிருந்து அரிசியளவு துணுக்கு எடுத்து ஐந்து தனிக் குப்பிகளில் போடுங்கள். சீட்டு ஒட்டாமல் தொடங்காதீர்கள், ஏனென்றால் கரைந்த பிறகு ஐந்தும் ஒரே வெள்ளைத் தூள்தான். மணமோ நிறமோ சேர்க்காத குளோராக்ஸ் வெளுப்பு நீரைச் சில துளி விடுங்கள். நுரைத்துச் சதை கரையும். சன்னலைத் திறந்து வையுங்கள், கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். மிக முக்கியம்: எத்தனால் சொட்டும் துணுக்கை அப்படியே குளோராக்ஸில் போடாதீர்கள், இரண்டும் கலந்தால் நச்சு வாயு வரும். முதலில் நீரில் நன்றாக அலசிவிடுங்கள். வினிகர் பக்கத்திலேயே வரக்கூடாது. குளோராக்ஸோடு சேர்ந்தால் அதுவும் நச்சு வாயு, போதாததற்கு முட்களையும் கரைக்கும்.

நுரை அடங்கியதும் தூள் அடியில் தங்கும். மேல்நீரை மெல்ல உறிஞ்சி எடுத்துவிட்டுக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள். தங்கவிட்டு மறுபடி உறிஞ்சுங்கள். குளோராக்ஸ் வாடை போகும்வரை இதையே செய்யவேண்டும். அவசரப்பட்டால் உப்புப் படிகங்கள் முட்களுக்கிடையே வந்து உட்கார்ந்து உங்களைக் குழப்பும். பிறகு ஒரு துளி கண்ணாடித் தகட்டில், நூறு மடங்குப் பெருக்கத்தில்.

என்ன தெரியும்? சைனுலேரியாவிலும் ஸ்கிளிரோஃபைட்டத்திலும் மேற்பரப்பில் சிறு கதாயுதங்கள், உட்பகுதியில் கதிர்வடிவப் பெரிய முட்கள். சிலவற்றில் மில்லிமீட்டர்க் கணக்கில் நீண்டு வெறுங்கண்ணுக்கே தெரியும். லோபோஃபைட்டத்தின் உட்பகுதியில் பீப்பாய் வடிவம், அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பருக்கள். கிளாடியெல்லாவில் இரு முனையும் தடித்த குண்டு வடிவம், இதை ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஜீனியாவில் மிக நுண்ணிய தட்டுகள், சில நேரம் எதுவுமே இருக்காது. படம் எடுங்கள், அளவுகோல் போடுங்கள், எந்தப் பகுதியின் முள் என்று எழுதுங்கள். 'மேற்பரப்பு' முள்ளை 'உட்பகுதி' வரைபடத்தோடு ஒப்பிட்டு வந்த தவறான பெயர்கள் இலக்கியத்திலேயே உண்டு.

படி 7: மரபணு வரிசை

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது ரந்தாவில் நடக்காது. விலங்குகளில் வழக்கமாகப் பயன்படும் மைட்டோகாண்ட்ரியா மரபணு எண்கொம்புப் பவளங்களில் மிக மெதுவாக மாறுகிறது. அதனால் இவற்றுக்கே உரிய மட்-எஸ் என்னும் மரபணுவையும், 28எஸ் என்னும் உட்கருப் பகுதியையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அப்போதும் நெருங்கிய சிற்றினங்கள் ஒரே வரிசையைக் காட்டலாம். ஒரு பதிவில் 'மரபணுவால் உறுதி' என்று இருந்தால் எந்த மரபணு, எந்த மாதிரியோடு ஒப்பிட்டார்கள், அந்த ஒப்பீட்டு மாதிரிக்கு யார் பெயர் வைத்தார்கள் என்று கேளுங்கள். தரவுத்தளத்தில் இருக்கும் வரிசைக்கும் தவறான பெயர் இருக்கலாம்.

படி 8: இந்தக் கடலில் இருக்க வாய்ப்பு உண்டா?

பரவல் வரைபடத்தைக் கடைசியில் பாருங்கள், முதலில் பார்க்காதீர்கள். முதலில் பார்த்தால் 'இங்கே உண்டு, ஆகவே இதுதான்' என்று மனம் சாய்ந்துவிடும். அந்த வரைபடத்தின் புள்ளிகளும் நீங்கள் சரிபார்ப்பது போன்ற பதிவுகள்தான்.

லிட்டோஃபைட்டன் அர்போரியம் 1775 இல் செங்கடலிலிருந்து விவரிக்கப்பட்டது. மீன் தொட்டி வணிகத்தில் அந்தப் பெயர் பிரபலம். அதனால் கிளைத்த மென்பவளம் எதைக் கண்டாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. தியோமான் படத்தில் அதைக் கண்டால் பேரினத்துக்கு இறக்குங்கள். மறுபுறம் கரிஜோவா ரீசியையின் கதை நம்மை எச்சரிக்கிறது. 1860 இல் கரீபியத் தீவிலிருந்து விவரிக்கப்பட்டது. ஹவாயில் தென்பட்டபோது அட்லாண்டிக்கிலிருந்து வந்தேறியது என்று நெடுங்காலம் எழுதினார்கள். பிறகு மரபணு ஆய்வு, அதன் பூர்விகம் இந்தோ-பசிபிக்காக இருக்கும் என்று காட்டியது. தூண்களிலும் கப்பல் அடிப்பாகங்களிலும் வளரும் இனம் அது. ஆகவே 'பெயர் கரீபியத்தைச் சேர்ந்தது, இங்கே இருக்காது' என்று கண்மூடித்தனமாகத் தள்ளுவதும் ஆபத்து.

மலேசியாவுக்கு முதல் பதிவு என்று ஒருவர் சொன்னால் மாதிரியும் முள் படமும் கேளுங்கள். படம் மட்டும் போதாது. அவருக்குக் கோபம் வரலாம், வரட்டும்.

படி 9: முடிவை எழுதுவது

ஐநேச்சுரலிஸ்டில் ஒருவர் சிற்றினம் சொன்ன பதிவில் நீங்கள் பேரினம் மட்டும் இட்டால், தளம் ஒரு கேள்வி கேட்கும்: சிற்றினம் பற்றி உங்களுக்குத் தெரியவில்லையா, அல்லது இருக்கும் சான்று அதற்குப் போதாது என்கிறீர்களா? முதலாவதைத் தேர்ந்தால் பழைய பெயர் அசையாது. படி 5 இன்படி முடிவெடுத்திருந்தால் இரண்டாவதைத் தேருங்கள், காரணத்தையும் எழுதுங்கள். சிற்றின மட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒப்புதல் இருந்தால்தான் ஜிபிஃபுக்குப் போகத் தேவையான 'ஆய்வுத் தரம்' கிடைக்கும். நண்பர் பெயர் வைத்தார் என்பதற்காக 'ஒப்புகிறேன்' சொடுக்குவது அந்தக் கணக்கைக் கெடுக்கிறது. பேரினத்துக்கு மேல் போகவே முடியாது என்று தெளிந்தால் 'இதைவிடச் சிறப்பாக அடையாளம் காண முடியாது' என்ற பெட்டியைக் குறியுங்கள். பேரின மட்டத்திலேயே தரம் கிடைத்துவிடும்.

உறுதி குறைவான அடையாளத்துக்கு வழக்கமான குறிகள் உண்டு. பெயருக்கு நடுவே 'சி.எஃப்.' என்றால் ஒப்பிடத்தக்கது, உறுதியில்லை. 'அஃப்.' என்றால் நெருக்கமானது, ஆனால் அதுவே இல்லை. இந்த இரண்டையும் கலக்காதீர்கள். தரவுத்தளத்தில் ஏற்றும்போது இக்குறி பெயரிலிருந்து கழன்று போய்விடுகிறதா என்றும் பாருங்கள். கழன்றால் சந்தேகம் உறுதியாகிவிடும்.

குறிப்பெழுதும் தொனி முக்கியம். படம் ஏற்றியவர் பணம் செலவழித்து, ஆபத்தில் இறங்கி எடுத்திருக்கிறார். உங்கள் பள்ளி மாணவன் என்றால், 'தம்பி, பாலிப் அருமையாக விழுந்திருக்கிறது. அடித்தண்டின் படம் ஏதாவது இருக்கிறதா?' என்று கேளுங்கள். மூத்தவர் என்றால், 'ஐயா, காளான் வடிவமும் இருவகைப் பாலிப்பும் தெரிவதால் சார்கோஃபைட்டான் வரை உறுதி. முள் பார்க்காமல் அதற்கு மேல் போகமுடியவில்லை' என்பது போதும். 'தவறு' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களுக்குப் பதில் வராது.

உங்களுக்கென ஓர் அட்டவணை வையுங்கள்: பதிவின் எண், எழுதப்பட்ட பெயர், இன்றைய பெயர், நீங்கள் ஏற்கும் மட்டம், எந்தச் சான்றின்மீது, எந்த நாளில். தேதியை எழுதாமல் விட்டால் அடுத்த வகைப்பாட்டு மாற்றத்துக்குப் பிறகு உங்கள் குறிப்பே புரியாது. ஒரே பவள மாதிரி அருங்காட்சியகம் வழியாக ஒருமுறையும் கட்டுரை வழியாக ஒருமுறையும் ஏறியிருந்தால் இரண்டையும் ஒரே வரியில் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு பவளம் இரண்டாகிவிடும்.

ஜிபிஃபில் பிழை கண்டால் அங்கே நேரடியாகத் திருத்த முடியாது. பதிவின் பக்கத்திலுள்ள கருத்துப் பொத்தான் வழியாகத் தெரிவிக்கலாம். திருத்துவது தரவை வெளியிட்ட நிறுவனத்தின் வேலை. அந்நிறுவனத்தின் தொடர்பு முகவரியும் தரவுத்தொகுப்பின் பக்கத்தில் இருக்கும். பதிவு எண், காரணம், முள் படம் இருந்தால் அதுவும் சேர்த்து எழுதுங்கள். அவர்கள் திருத்தி மறுபடி வெளியிட்ட பிறகே மாற்றம் தெரியும். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். மாறவில்லை என்றால் இன்னொரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.